வளையல் சத்தம்

இரண்டு வருடப் போர் முடிந்து நாற்பது நாளாகியும், தூத்துக்குடியில் தானே காவல் காக்கும் அந்த இயந்திர வீட்டுக்கு மட்டும் அது புரியவில்லை.

தமயந்தியின் வளைகாப்பில் இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல்கள் குலுங்கியதும், ஜன்னல் உடைகிறது என்று நினைத்த வீடு இரும்புக் கதவுகளைத் தடதடவென்று இறக்கியது. அதே நேரம் பார்த்துத்தான், ஏழு மாதம் முன் விடுப்பில் வந்துபோய், இப்போது போர்முனையிலிருந்து திரும்பிய அவள் கணவன் இளவழுதி, தாடியும் தழும்புமாக வாசலில் வந்து நின்றான்.

"வாசலில் அந்நியன். உங்கள் நாடித்துடிப்பில் பயம் தெரிகிறது. பயம் நீடித்தால் முப்பது நொடியில் சுடுவேன்" என்றது வீடு.

"ஐயோ, அவுகதான்!" தமயந்தி அலறினாள். துடிப்பு இன்னும் எகிறியது.

"இருபது."

நாத்தனார் கோமதி அவள் கையைப் பிடித்தாள். "அழாதிய மதினி. நாம பயந்தாத்தான் அது சுடும்." பிறகு கதவைப் பார்த்துக் கத்தினாள். "அண்ணே! எங்களச் சிரிக்க வையி, சீக்கிரம்!"

வெளியே இளவழுதியின் காலடி கதவருகே நெருங்கியது.

"பத்து."

"ஏட்டி கோமதி, புளிசாதம் மொத்தத்தையும் நீயே முழுங்கணும்னுதான் கதவ அடைச்சியாக்கும்?"

முதலில் கோமதி சிரித்தாள். அப்புறம் கூடியிருந்த பெண்கள் எல்லாரும். கடைசியில் கண்ணீரோடு தமயந்தியும்.

எண்ணிக்கை நின்றது. கதவு மெல்ல உயர்ந்தது.

"பயம் இல்லை" என்றது வீடு, இரண்டு வருடத்தில் முதல் தடவையாக.