பிலோமினாவின் சம்மதம்

பிலோமினாவின் செல்போனில் சில நாட்களாக மெயில் வரவில்லை. நினைவின்றிக் கிடக்கும் கணவர் அந்தோணியைப் பார்க்க ஆஸ்பத்திரியில் யாரையும் விடுவதில்லை. தகவலெல்லாம் மெயிலில்தான் வரும். தூத்துக்குடியில் செல்போன் கடை வைத்திருக்கும் சாகுலிடம் போனைக் கொடுத்தாள்.

"அப்டேட் ஆனதுல மெயில் இறங்குற சிங்க் நின்னுபோச்சுக்கா," என்று அவன் கணக்கை நீக்கி மறுபடி சேர்த்தான். மெயில்கள் மளமளவென்று இறங்கின. "ஆஸ்பத்திரி மெயிலு. நீங்களே படிங்க."

முதல் மெயில், செயற்கை சுவாசத்தை நிறுத்தலாமா என்று கேட்டிருந்தது. அடுத்தது, மாலைக்குள் பதில் வராவிட்டால் சம்மதமாக எடுத்துக்கொள்வோம் என்றது. கடைசி மெயில் அவளுடைய சம்மதத்துக்கு நன்றி சொன்னது.

பிலோமினா முதல் மெயிலுக்கு, 'நிறுத்தாதீங்க' என்று எழுதி அனுப்பினாள்.

"போயிருச்சா தம்பி?"

சாகுல் திரையைப் பார்த்தான்.

"போயிருச்சுக்கா."