பயப்படாத குழந்தை

நகரக் கலைவிழாவின் சிறுவர் அரங்கில் மேளக்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். உயரத்து ஜன்னல் வழியே சாய்ந்து விழும் வெயிலில் தூசி மிதக்கிறது. தையல்காரி ஒன்றரை வயது மகளை மடியில் வைத்து முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் கணவன் மண்டியிட்டு போனில் படம் பிடிக்கிறான். திடீரென்று எல்லா மேளங்களும் சேர்ந்து இடி போல முழங்க, அரங்கிலுள்ள குழந்தைகளுக்கெல்லாம் தூக்கிவாரிப் போடுகிறது. ஒன்று வீறிட்டு அழுகிறது, ஒன்று அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறது. அவள் மகள் மட்டும் மிதக்கும் தூசியைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள். இமைகூட ஆடவில்லை. “பாத்தியா, எம்பொண்ணு எவ்ளோ தைரியசாலி” என்கிறான் கணவன். தையல்காரி அழும் குழந்தைகளையும் மகளையும் மாறி மாறிப் பார்க்கிறாள். கடகடவென்று ஓடும் மெஷினுக்குப் பக்கத்திலேயே அயர்ந்து தூங்கும் இவளைச் சமத்து என்று அவளே கொஞ்சியிருக்கிறாள். இன்னும் பேச்சு வராததற்கு, அப்பனைப் போல அழுத்தக்காரி என்று வீட்டில் சிரித்திருக்கிறார்கள். மேளம் அடங்கியதும் அவள் குனிந்து மகளின் காதோரம், “கண்ணு” என்கிறாள். குழந்தை திரும்பவில்லை. “கண்ணு!” குரல் உடைந்து சத்தமாக வருகிறது. வரிசைக் கடைசியில் யாருடைய குழந்தையோ திரும்பிப் பார்க்கிறது. “எதுக்குக் கத்துற? மடியிலதான இருக்கா” என்கிறான் கணவன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஒண்ணுமில்லைங்க” என்கிறாள். மேளக்காரர்கள் மறுபடி குச்சிகளை ஓங்குகிறார்கள். இந்தத் தடவையாவது அழுதுவிடு என்று மனசுக்குள் கெஞ்சியபடி, அவள் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.