வண்டி போன ஊர்கள்

கிணற்றைச் சுற்றி வாளிகளோடு ஊரே நிற்கிறது. நடுவில் குளோரின் புட்டியோடு ஆத்திஜா. இதே ஊர்க்காரிதான். வாந்திபேதி பரவுவதால், தண்ணீரில் மருந்து கலக்கச் சுகாதார நிலையம் அவளை அனுப்பியிருக்கிறது. முகத்தில் அப்பிய வெள்ளை முசிரோப் பூச்சு வெயிலில் வெடித்து உதிர்கிறது. கூட்டத்திலிருந்து மொமாடே தன் போனை உயர்த்திக் காட்டுகிறான். படம் நம்புலா நகரத்திலிருந்து வந்ததாம்: சுகாதார வண்டி, அதன் பின்னால் புதுக் கல்லறை மேடுகள். "வண்டி போன ஊர்லயெல்லாம் சாவு விழுந்திருக்கு. பொய்னு சொல்லு பாப்போம்!" "நோவு வந்த ஊருக்குத்தானே அண்ணே வண்டி போகும்?" என்கிறாள் ஆத்திஜா. "கேட்டீங்களா, அவளே ஒத்துக்கிட்டா!" சிரிப்பு எழுகிறது. ஆத்திஜா ஒரு குவளை மொண்டு, மருந்தைச் சொட்டவிட்டு, மடமடவென்று குடிக்கிறாள். தாடையில் வழியும் நீர் வெள்ளைப் பூச்சில் கோடு போடுகிறது. அவள் சுருண்டு விழுவாளா என்று கூட்டம் பார்க்கிறது. "மாத்து மருந்த வீட்லயே குடிச்சிட்டு வந்திருப்பா" என்கிறாள் அவளுடைய சொந்த நாத்தனார். அப்பாடா என்று எல்லோருக்கும் மூச்சு வருகிறது. வாளிகள் ஒவ்வொன்றாக ஆற்றை நோக்கி நகர்கின்றன. நேற்று வாந்திபேதியில் செத்தவனின் பாயை அங்கேதான் அலசினார்கள். ஓடிப்போய்த் தடுக்கலாமென்றால் ஆத்திஜாவுக்கு ஆண்கள் வழிவிடவில்லை. "ஸைனா, நில்லுடி!" கடைசி வாளியைத் தூக்கிக்கொண்டு போகும் மகள், அம்மாவின் கையிலிருக்கும் புட்டியை ஒருமுறை பார்க்கிறாள், பிறகு நடையை எட்டிப் போடுகிறாள்.