முப்பத்தோரு நோயாளிகள்

"ஆறு மாசமா தினமும் முப்பத்தோரு நோயாளி. ஒருநாள்கூட முப்பது இல்ல, முப்பத்திரண்டும் இல்ல. அதே பேர், அதே வரிசை. என்ன சிஸ்டர் இது?"

வத்சலா ரிஜிஸ்டரை மேஜைமேல் பட்டென்று வைத்தாள்.

"வந்தவங்க பேரையும் அவங்க சொன்ன கோளாறையும் எழுதியிருக்கேன் மேடம். நானா எதையும் எழுதல" என்றாள் நர்ஸ் நாகரத்தினம்.

"நரேன் பாபுங்கறவருக்கு நேத்து வயித்துவலி, இன்னிக்குக் காதுவலி. முந்தாநாள் தேள்கடி! மூணாவது மாடியில தேள் எங்கேர்ந்து வந்தது?"

நாகரத்தினம் தலையைக் குனிந்துகொண்டாள்.

வத்சலா அரசுக் கட்டடங்களைக் கவனிக்கும் எஸ்டேட் ஆபீசர். வங்காளத்தின் கார்டன் ரீச்சில் அரசு ஊழியர் காலனிக்குள் இருந்த அந்தச் சின்ன டிஸ்பென்சரி வேண்டுமா, வேண்டாமா என்று பார்த்து எழுத வந்திருந்தாள். டாக்டர் ரிடையராகி இரண்டு வருடம். எதிர்ச்சாரியிலேயே புது ஆஸ்பத்திரி வந்துவிட்டது. 'உபரி' என்று அவள் எழுதினால் கட்டடமும் சுற்றியிருந்த நிலமும் ஏலத்துக்குப் போய்விடும்.

வராந்தாவில் பெஞ்சு நிறைய ஆட்கள். சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் வத்சலாவின் தலையைப் பார்த்ததும் மொத்தமாக இருமினார்கள்.

முதலில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டாள். பெயர் மேக்னா. இஸ்திரி போட்ட புடவை, லிப்ஸ்டிக், கையில் டிபன் பாக்ஸ்.

"உங்களுக்கு என்ன?"

"ஜுரம்."

வத்சலாவே தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தாள். ஜுரத்தின் அடையாளமே இல்லை.

"உள்ஜுரம் மேடம்" என்றாள் மேக்னா, கண்ணை இமைக்காமல்.

வத்சலாவுக்குப் பொறுமை போய்விட்டது. பக்கத்துப் பெஹாலாவில் பிறந்து வளர்ந்தவள். கோபம் வந்தால் தமிழைவிட வங்காள மொழிதான் முந்திக்கொள்ளும்.

"படிச்சவங்க எல்லாரும் சேர்ந்து அரசாங்கத்தை ஏமாத்தறீங்க! இடம் போயிட்டா பூஜைப் பந்தல் எங்கே போடறதுன்னுதானே இந்த நாடகம்? காரை எங்கே நிறுத்தறதுன்னுதானே?"

தடியை ஊன்றிக்கொண்டு ஒரு கிழவர் எழுந்தார். காதில் பஞ்சு. அவர்தான் நரேன் பாபு.

"கொஞ்சம் வெளியே வர்றியாம்மா?"

வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார். பஞ்சை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"எங்களில் ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லம்மா. பந்தலை மொட்டை மாடியில போட்டுக்கலாம். இந்த டிஸ்பென்சரியும் எங்களுக்கு வேண்டாம்."

"பின்னே எதுக்கு இதெல்லாம்?"

"இதை மூடினா நாகரத்தினத்தைத் தூரத்துல ஃபராக்காவுக்கு மாத்திடுவாங்களாம். ரிடையராக இன்னும் நாலே மாசம். புருஷன் இல்ல, குழந்தை இல்ல. இருபத்தேழு வருஷமா இதுக்குப் பின்னாடி இருக்கற அறையிலதான் இருக்கா. புது ஊர்ல போய் யார்கிட்ட ஒரு வாய் தண்ணி கேட்பா?"

வத்சலா வராந்தாப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"கொரோனா வந்தப்போ எங்க பிளாக்குல மட்டும் பதினோரு பேர் படுத்துட்டோம். பெத்த பிள்ளைங்க வாசலோட நின்னுட்டாங்க. அவதான் ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தூக்கிட்டு மாடி மாடியா ஏறினா. இந்த நாலு மாசம் மட்டும் நாங்க நோயாளியா இருந்துட்டுப் போறோமே. அவகிட்ட மட்டும் சொல்லிடாதே. எங்களுக்கு நிஜமாவே உடம்பு சரியில்லன்னுதான் நினைச்சிட்டிருக்கா."

வத்சலா உள்ளே திரும்பி வந்தாள். 'கட்டடம் உபயோகத்தில் உள்ளது' என்று எழுதிவிட்டுப் போய்விடலாம் என்று மனசு சொன்னது. கை மட்டும் தயங்கியது. பதினாறு வருட சர்வீஸில் ஒரு பொய் எழுதியதில்லை.

"பொறுப்பாளர் பகுதியை நீங்க பூர்த்தி பண்ணணும் சிஸ்டர்" என்று படிவத்தை நாகரத்தினத்திடம் நீட்டினாள்.

நாகரத்தினம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

'சிகிச்சை தேவைப்படும் நோயாளிகள்: யாரும் இல்லை. கட்டடம் தேவையில்லை.'

வத்சலா திகைத்துப்போனாள். "சிஸ்டர், இவங்கல்லாம் யாருக்காக இப்படி..."

"தெரியும்மா. முதல் நாளே தெரியும். முப்பது வருஷமா ஜுரம் பார்க்கறேன், உள்ஜுரம் எதுன்னு எனக்குத் தெரியாதா?" நாகரத்தினம் சிரித்தாள். கண் கலங்கியிருந்தது. "ஆனா நரேன் பாபு செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு மூணு மாடி இறங்கி வர்றாரு. மேக்னா தினமும் ஆபீஸுக்கு லேட்டாப் போய்த் திட்டு வாங்குது. ஒருநாள் பொழுதுபோக்கா வருவாங்க, அலுத்துடும்னு பார்த்தேன். மழையிலயும் நிக்கறாங்களேம்மா! ஃபராக்காவும் ஊர்தானே, போய்க்கறேன்."

வத்சலா படிவத்தை மேஜைமேல் விரித்து வைத்தாள்.

"உங்க ரிடையர்மென்ட் தேதி என்ன?"

"மார்ச் முப்பத்தொண்ணு."

அதிகாரியின் பகுதியில் வத்சலா எழுதினாள்: 'உபரி. மருந்துகள், கருவிகள், ஆவணங்களைக் கணக்கெடுத்து ஒப்படைக்கும் வரை தற்போதைய நர்ஸ் இங்கேயே இருப்பது அவசியம். ஒப்படைக்க ஏற்ற தேதி: ஏப்ரல் 1.'

அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை.

நாகரத்தினம் அதை இரண்டு முறை படித்தாள். எழுந்து வராந்தாவுக்குப் போனாள். முப்பத்தோரு பேரும் அவசரமாக இருமத் தொடங்கினார்கள்.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"எல்லாரும் வீட்டுக்குப் போங்க. இன்னியோட உங்க எல்லாருக்கும் உடம்பு குணமாயிடுச்சு."