ஆண் நிற்கும் விதம்

கடிதத்தை நீட்டிய அந்த அம்மாள், உறையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அந்தக் காத்திருக்கிற காட்சி இருக்கே, தோவா சான்... மூணு கைக்குட்டை நனைஞ்சுபோச்சு."

கலைஞர்கள் வெளியே வரும் வாசலில் வரிசையாகக் குந்தியிருந்த பெண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்களையும் அழவைத்தது அதே காட்சிதான்.

ஹயாசே தோவா குனிந்து நன்றி சொன்னாள். ஜப்பானில் பெண்கள் மட்டுமே நடிக்கும் தகராசுகா மேடையில் ஒன்பது வருடமாக ஆண் வேடம் போடுகிறவள். கதாநாயகன் வேடம் இதுதான் முதல் தடவை. இன்றுதான் முதல் ஆட்டம். சொதப்பியிருந்தால் இன்னொரு தடவை கிடைத்திருக்காது.

உறையில் 'கினுவே' என்று எழுதியிருந்தது.

"காதலி வர்றதுக்கு முன்னாடி கடைக் கண்ணாடியில காலரைச் சரிபண்றீங்க" என்றாள் கினுவே. "குடையை நல்லா உதறிட்டு, அவ நடக்கப்போற பக்கமா மாத்திப் பிடிக்கிறீங்க. அப்புறம் குதிகாலைத் தூக்கித் தூக்கிக் கூட்டத்துல தேடுறீங்களே! எந்த ஊர் ஆம்பளைம்மா அப்படி நிப்பான்?"

அவளுக்குப் பின்னால் இரண்டு பைகளைச் சுமந்துகொண்டு நின்றவர் தொண்டையைச் செருமினார்.

"இதோ நிக்கிறாரே, எங்க வீட்டு மகாராஜா" என்று கினுவே கட்டைவிரலால் காட்டினாள். "கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அப்படி நின்னதில்ல. இன்னைக்குப் பக்கத்து சீட்ல உட்கார வச்சேன், பார்த்தாவது கத்துக்கட்டும்னு."

வரிசை முழுக்கச் சிரிப்பு.

"அவ்வளவு நேரம் எவன் நிப்பான்? கால் வலிக்காது?" என்றார் கணவர், தரையைப் பார்த்துக்கொண்டே. காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

தோவா அவர் பக்கம் திரும்பினாள். ரசிகர்களுக்குக் குனிவதைவிடத் தாழ்வாக, நடனம் சொல்லிக்கொடுத்தவர்களுக்குக் குனிவதுபோலக் குனிந்தாள். அவர் பதறிப்போய், பைகள் முழங்காலில் இடிக்க, பதிலுக்குக் குனிந்தார்.

பிறகு அவள் கினுவேயின் காதருகே சாய்ந்தாள்.

"ஒரு நாளைக்கு அந்த ஆறு பத்து ரயிலை விட்டுட்டு, அதுக்கு முந்தின ரயில்ல வாங்க. தூணுக்குப் பின்னாடி நின்னு பாருங்க."

தன் ரயில் இந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும் என்று கினுவே விழிப்பதற்குள், தோவா அடுத்த கடிதத்துக்கு நகர்ந்துவிட்டாள்.

போன மாத ஒத்திகையில் இயக்குநர், "பேன்ட் மாட்டின பொண்ணு பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து எட்டு மாலைகள், தொப்பியும் முகக்கவசமுமாக நிகாவா ரயில் நிலையத்தின் பெஞ்சில் உட்கார்ந்து, தோவா இந்த மனிதரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலர் அவருடையது. குடை அவருடையது. குதிகாலும் அவருடையதுதான்.

ஆறு பத்து ரயில் வந்ததும் கூட்டத்தில் கினுவேயின் தலை தெரியும். அந்த நொடியே அவர் குதிகாலை இறக்குவார். முகத்தை வேறு பக்கம் திருப்புவார். கைக்கடிகாரத்தைப் பார்த்து, "லேட்டு" என்று முறைப்பார்.

மேடையில் தோவா அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் விட்டுவிட்டாள்.

கினுவே இதுவரை பார்த்திருப்பது அதை மட்டும்தான்.