மாப்பிள்ளை வளர்த்த மூங்கில்

இப்போதெல்லாம் யாரும் ஜாதகம் கேட்பதில்லை. மாப்பிள்ளை தன் கையால் மூன்று வருடம் வளர்த்த லக்கி பேம்பூவோடுதான் பெண் பார்க்க வரவேண்டும். செடியை வாடவிடாதவன் பெண்டாட்டியையும் வாடவிட மாட்டான் என்பது கணக்கு.

கௌதமன் டீப்பாயில் வைத்த கண்ணாடிக் குவளைக்குள் குனிந்து பார்த்தாள் துளசிமணி. வேர்கள் நல்ல சிவப்பாக, ஆரோக்கியமாக இருந்தன.

"எப்படிங்க இவ்வளவு நல்லா வளர்த்தீங்க?"

"தினமும் மொட்டை மாடி வெயில்ல வெச்சு எடுப்பேனுங்க," என்றான் பெருமையாக.

அவன் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். நேர் வெயில் பட்டால் அதன் இலை கருகிவிடும்.

துளசிமணி அவர் பக்கம் திரும்பினாள். "தண்ணி எப்ப எப்ப மாத்துவீங்க, அத்தை?"

"வாரத்துக்கு ஒருக்கா, கண்ணு," என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

"செடியை நல்லா வளர்த்திருக்கீங்க அத்தை. பையனைத்தான் இன்னும் மூணு வருசம் வளர்க்கோணும்."