சிங்கரிடம் ஒரு முறையீடு

"ரத்தமெல்லாம் கொட்டிப்போய்க் கெடக்குற மனுஷனுக்கு ஒரு டம்ளர் பானகம் குடுக்கக் கூடாதாம்! நீயெல்லாம் ஒரு நர்ஸா?"

கலையரசி வார்டே அதிரக் கத்தினாள்.

தாமல் ஏரிக்கரையில் லாரி மோதித் தொடை எலும்பு முறிந்து, பாதி ரத்தம் ரோட்டிலேயே போய், அவள் புருஷன் மணிவண்ணன் பிழைத்ததே பெரும்பாடு. வரதர் கோயிலில் நரசிம்மரான சிங்கர் சன்னதியில் காலையில்தான் வெல்லம் மணக்கப் பானகம் படைத்தாள். கூடவே, 'ஊசியா குத்திக்கினு இருக்குற அந்த நர்ஸை நீதான் கேக்கணும் சாமி' என்று சத்தமாகவே முறையிட்டுவிட்டு வந்திருந்தாள்.

"அவருக்கு சுகர் எக்கச்சக்கமா ஏறியிருக்குதும்மா," என்றாள் நர்ஸ் சிம்ரன், இன்சுலினைப் போட்டபடியே.

"சர்க்கரை வியாதியே இல்லாத ஆளுக்கு எங்கேர்ந்து வந்துச்சாம் சுகர்?"

"பெரிய அடிபட்டு ரத்தம் போனா உடம்பு மிரண்டுடும்மா. சேத்து வச்ச சர்க்கரையை ரத்தத்துல கொட்டிடும். உள்காயம் வீங்கியிருக்குறதால சொந்த இன்சுலினும் சரியா வேலை செய்யாது. சுகர் இறங்கலைன்னா புண்ணு சீழ் புடிச்சிக்கும். கொஞ்ச நாளைக்குத்தான் ஊசி."

கதை அளக்குறா பாரு! சாமி பிரசாதம் சுகரை ஏத்துமா? சிம்ரன் அந்தப் பக்கம் நகர்ந்ததும் மணிவண்ணன் வாயில் டம்ளர் காலியானது.

சாயங்காலம் டாக்டர் பிரேம்நாத் வந்தார்.

"ஊசி போட்டும் ஏறியிருக்குதே! மருந்தைக் கூட்ட வேண்டியதுதான். இல்ல, யாராவது இனிப்பு குடுத்தீங்களா? குடுத்திருந்தா, இனிமே கூட ஆளே இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்!"

கலையரசி காலி டம்ளரை முந்தானைக்குள் மறைத்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டால்தான் வலியில் துடிக்கிற மனுஷன் கண்ணையே மூடுவான்.

"நான்தான் சார். கவனிக்காம ஜூஸ் குடுத்துட்டேன்," என்றாள் சிம்ரன்.

டாக்டர் அவளைப் பிடி பிடி என்று பிடித்தார். மருந்தைக் கூட்டவில்லை.

அவர் போனதும் கலையரசி சிம்ரன் பக்கத்தில் வந்தாள். "ஏம்மா உன் மேல போட்டுக்கினே?"

"கட்டிலுக்கு அடியில சிந்தின பானகத்துல எறும்பு மொய்க்குறப்பவே தெரிஞ்சுபோச்சு. குடிச்சதைச் சொல்லலைன்னா மருந்து கூடிப்போய் அவருக்கு ஆபத்து. குடுத்தது நீங்கன்னா உங்களை வெளியே அனுப்பிடுவாரு. அப்புறம் அவர் எப்படித் தூங்குவாரு?"

மறுநாள் காலை சிங்கர் சன்னதியில் அர்ச்சனைத் தட்டை நீட்டினாள் கலையரசி.

"யார் பேருக்கும்மா? வீட்டுக்காரருக்கா?"

"நர்ஸ் சிம்ரனுக்கு."

அர்ச்சகர் நிமிர்ந்து பார்த்தார். "நேத்து முறையிட்டீங்களே, அந்த நர்ஸா?"

"அவளேதான் சாமி. இந்தப் புத்தி கெட்டவ நேத்து சொன்னதைக் காதுலயே போட்டுக்க வேணாம்னு சிங்கருகிட்ட சொல்லுங்க!"